கிடாரை உடைத்தவர் வீட்டில் ஆயுத பூஜை உண்டா?

ஏகா,

இங்கே எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் வழக்கம். மெஸ் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிடுகிறவனுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? எனக்கு இப்போது அறிய ஆவலாக இருப்பதெல்லாம் வேறு. சட்டை போடாமல் நின்றுகொண்டு கிடாரைத் தரையில் ஓங்கி அடித்து உடைக்கிறாரே ஒருவர், அவருக்கு மறுநாள் வாசிக்க வேறு கிடார் யார் தருகிறார்கள்? உடைந்த சில்லையெல்லாம் யார் பெருக்குகிறார்கள்? அவர் வீட்டில் ஆயுத பூஜை மாதிரி ஏதாவது உண்டா, இல்லையா? நீ ஊருக்கு வரும்போது கேட்கலாம் என்று இருந்தேன். அதற்குள் நேற்று உன் கடிதம் வந்துவிட்டது. பம்பாய் வேலை வேண்டாம் என்று எழுதிப் போடப் போகிறாயாம். அப்பாவின் கை இப்படி இருக்கும்போது கடையை யார் பார்ப்பது என்று கேட்டிருக்கிறாய். தையில் முகூர்த்தம் நெருக்கும், ஞாயிற்றுக்கிழமை பெட்டி படுக்கையோடு வந்துவிடுகிறேன் என்று முடித்திருக்கிறாய். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இன்லேண்டு லெட்டரில் என் கோபம் அடங்காது என்பதால் கடையில் பில் போடுகிற தாளை எடுத்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்குக் கிடைத்துவிடும். முழுதும் படித்த பிறகு பெட்டியைக் கட்டு.

முதலில் ஒரு செய்தி. நீ படம் கொடுத்திருக்கிறாயே, அந்த ராக் பாட்டுக்காரர்களின் புகைப்படக் கண்காட்சி, அதை நானும் உன் அப்பாவும் மெட்ராஸுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனோம். போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை. உனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ வாசலிலேயே வந்து நின்றுகொண்டு, நான் எதைக் கேட்கக் கூடாதோ அதைக் கேட்டுவிடுவேனோ என்று பயந்துகொண்டே கூட வந்திருப்பாய். நிம்மதியாக வேடிக்கை பார்க்க முடியாது.

உன் அறையில் இருக்கிற பையன்கள் உனக்கு வருகிற கடிதத்தையெல்லாம் பிரித்துப் படிப்பார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். படிக்கட்டும். அவர்களுக்கும் விளங்கும்படியே எழுதுகிறேன். தம்பிகளா, இவன் அப்பா பெரிய காஞ்சிபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். நான் அங்கே டச்சிங் செய்கிறவள். படம் பிடிப்பதும் கழுவுவதும் அவர் வேலை. கழுவி வந்த படத்தில் அம்மைத் தழும்பை மறைப்பது, ஒட்டிய கன்னத்தைக் கொஞ்சம் நிரப்புவது, கழுத்து நரம்பை அழிப்பது, மூக்குத்தியில் ஒரு மினுக்கு வைப்பது எல்லாம் என் வேலை. ஜன்னலோரம் ஒரு சாய்வு மேஜை, ஊசி மாதிரி சீவிய பென்சில், மெல்லிய பிரஷ், ஒரு பூதக்கண்ணாடி. கல்யாணமாகி வந்த வருஷம் அங்கே உட்கார்ந்தவள், இவன் பிறந்த மாதம் தவிர எழுந்ததில்லை. பட்டுக்கடைப் படமும் கல்யாணப் படமும்தான் எங்கள் பிழைப்பு. இந்த ஊரில் மணப்பெண்ணின் முகம் லேசாக மங்கினாலும் மன்னித்துவிடுவார்கள். புடவையின் கரை மங்கினால் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கரையை நெய்தவரே பந்தலில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

உன் அப்பாவுக்கு இருந்தது ஒரே சட்டம். "அசையாத. மூச்சப் புடிச்சிக்கோ. கண்ண சிமிட்டாத." நம் கடைக்கு வந்த கைக்குழந்தை முதல் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா வரைக்கும் அந்த மூன்று வாக்கியத்துக்கு அடங்கித்தான் போயிருக்கிறார்கள். அசைந்த படத்தை அவர் கையாலேயே கிழித்துப் போடுவார். அப்படிப்பட்டவருக்கு நீ மகனாகப் பிறந்தாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது சாயங்காலத்தில் ரேடியோவின் முள்ளை இப்படியும் அப்படியும் திருகி இங்கிலீஷ் பாட்டு கேட்பாய். ஒருநாள் மின்சார கிடார் 'கர்ர்ர்' என்று இழுத்தது. உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, எச்சில் கையோடு ரேடியோவின் தலையில் இரண்டு தட்டு தட்டினார். சத்தம் நிற்கவில்லை. "வால்வு பூட்ச்சி" என்று சொல்லி மறுநாளே துணியில் கட்டி ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போய்விட்டார். கடைக்காரர் ஒரு வாரம் வைத்திருந்து, கெட்டுப்போகாத ரேடியோவை நன்றாக ரிப்பேர் செய்து திருப்பிக் கொடுத்தார். நீ அந்த ஒரு வாரமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாய். அது பாட்டுத்தான் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. நானும் என்ன ஏது என்று கேட்கவில்லை. இந்த வீட்டில் மூன்று பேரும் அப்படித்தான், ஒருவரை ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கமே இல்லாமல் இருந்துவிட்டோம். பம்பாயில் நீ யாரோடு பழகினாலும் இந்தப் பழக்கத்தை மட்டும் கொண்டுபோகாதே. தெரியவில்லை என்றால் கேட்டுவிடு. கேட்டால் என்ன, வாயா வலிக்கும்?

பிறகு நீ மெட்ராஸில் கல்லூரியில் சேர்ந்து, அப்பாவின் பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு, கிடாரும் ட்ரம்ஸுமாக ஆடுகிற பையன்கள் பின்னால் சுற்ற ஆரம்பித்தாய். லீவில் வந்து அந்தப் படங்களை நம் இருட்டறையில் கழுவிக் காயப்போடுவாய். உன் அப்பா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுல எவனுக்குனா தல சீவத் தெரியுமா?" என்று மட்டும் கேட்பார். அப்புறம் அந்த வெள்ளைக்காரர் வந்தார். உலகமெல்லாம் பேர் போன பாட்டுக்காரர், சாமியார் ஒருவரைத் தேடி இந்தியாவுக்கு வந்தவர், போகிற வழியில் ஒரு சாயங்காலம் உங்கள் கல்லூரித் திடலில் பாடினார் என்று சொன்னாயே, அவர்தான். பேர் என் வாயில் நுழையவில்லை. நீ அவரை எடுத்த படத்தைத்தான் கண்காட்சிக்காரர்கள் கேட்டார்கள். பம்பாயிலிருந்து பெரிய பெரிய படங்களாகக் கொண்டுவந்து ஊர் ஊராக மாட்டுகிறவர்கள், அந்தந்த ஊர் ஆள் எடுத்ததையும் ஒன்றிரண்டு சேர்ப்பார்களாம். நீ ஆசையாசையாக அதை வாசற்கால் அகலத்துக்குப் பெரிதாகப் போட்டு, கிளிப்பில் தொங்கவிட்டுவிட்டு ராஜ வீதிப் பக்கம் சிநேகிதனைப் பார்க்கப் போனாய். நான் உள்ளே போனேன். பார்த்தால் அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.

உன் சிநேகிதர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கும்போது ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்ச் சேருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. போன பிறகு வீட்டாருக்கு ஆசை வரும். நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, மாலை போட்டு, ஆள் அனுப்புவார்கள். இவன் அப்பா போய் எடுத்துக்கொண்டு வருவார். அந்தப் படத்தில் கண்ணைத் திறந்து வைப்பது என் வேலை. இமை மேலே வெள்ளை வைத்து, நடுவே கருவிழி வைத்து, அதில் ஒரு புள்ளி வெளிச்சம் வைத்தால் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். எத்தனையோ பேருக்குத் திறந்திருக்கிறேன். அவர்கள் பிள்ளைகள் படத்தைப் பார்த்து அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே கண் மூடிய படம் என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். பாவம் பிள்ளை, அவசரத்தில் கவனிக்காமல் போட்டுவிட்டான், மெட்ராஸில் நாலு பேர் சிரிப்பார்கள் என்று நினைத்து, மேஜையில் வைத்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அவருக்கு அழகான இரண்டு கண் வைத்துவிட்டேன். கழுத்தில் புடைத்த நரம்பையும் விடவில்லை. முகத்தில் வழிந்த வியர்வையையும் துடைத்துவிட்டேன்.

நீ வந்து பார்த்ததும் நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "ம்மா, இன்னாம்மா செஞ்சி வெச்சிருக்கற?" என்றாய்.

"கண்ணு மூடினு இருந்துது. தொறந்து வெச்சேன்."

"அவரு பாடினு இருக்காரும்மா!"

"பாடறவரு கண்ண தொறந்துக்கினு பாடக் கூடாதா?"

நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன், எதற்கென்று தெரியாமலே. அப்புறம் அந்த அளவுத் தாள் வேறு இல்லை என்பது உனக்கு உறைத்தது. மறுநாள் காலையில் படத்தைக் கொடுத்தாக வேண்டும். பட்டுக்கடைப் படம் போட வைத்திருந்த சின்னத் தாளில் இன்னொன்று போட்டு, ஈரம் சரியாகக் காயாததை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் கிளம்பினாய். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலம் ஏகாம்பரநாதர் கோயிலில் ஓதுவார் பாடும்போது எதிரே நின்றேன். எவ்வளவோ வருஷமாக அவர் எதிரே நின்றிருக்கிறேன். அவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுகிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது. அதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. அப்படியென்றால் இன்னும் என்னென்ன கவனிக்காமல் இருக்கிறோம் என்று எனக்கு ஒரு குறுகுறுப்பு வந்துவிட்டது. அந்தக் கண்காட்சியைப் பார்த்தே தீர வேண்டும் என்று உன் அப்பாவைப் பிடித்து இழுத்தேன். "அந்தக் கூத்த பார்க்க பஸ் ஏறணுமா?" என்றார். ஆனால் வேஷ்டியை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

கண்காட்சி வைத்திருந்த நூலகத்து மாடியில், கூடத்துக்கு வெளியே உன் அப்பா செருப்பைக் கழற்றி வைத்தார். சுவர் முழுக்கப் படம் மாட்டியிருந்ததைப் பார்த்ததும் கால் தன்னால் கழற்றிவிட்டது. அவரைப் பார்த்து நானும் கழற்றினேன். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு குடும்பமும் கழற்றியது. உள்ளே குளுகுளு என்று ஏசி. ஒரு சத்தம் இல்லை. அதுதான் எனக்கு முதல் ஆச்சரியம். இவ்வளவு பெரிய வாயைத் திறந்துகொண்டு ஒருவர் கத்துகிறார், பக்கத்தில் ஒருவர் ட்ரம்மைப் போட்டு அடிக்கிறார், கூடம் நடை சாத்திய கோயில் மாதிரி அமைதியாக இருக்கிறது. கீழே ஆட்கள் படிப்பதால் பாட்டு போடக் கூடாதாம். படத்தைப் பார்த்தே பாட்டு எப்படி இருக்கும் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று நானும் முயற்சி செய்தேன். ஒருவர் முகத்தைப் பார்த்தால் பல் வலி வந்தவர் போல இருக்கிறது. இன்னொருவர் தாலாட்டுப் பாடுவது போல இருக்கிறார். எது சோகம், எது சந்தோஷம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. முகத்தோடுதான் என் பிழைப்பே, அப்படியும் முடியவில்லை.

விளக்கம் சொல்வதற்கு ஒரு பெண் நின்றிருந்தாள், கல்லூரியில் படிக்கிறவள், மணிமணியாகத் தமிழும் இங்கிலீஷும் பேசினாள். அவளிடம் கேட்டேன், "ஏம்மா, இதுல செத்துப்போனவங்க யாராவது இருக்காங்களா?" அவள் மெல்ல மூன்று நான்கு படங்களைக் காட்டினாள். எல்லாம் சின்ன வயசு. ஒருத்தருக்கும் சந்தன மாலை இல்லை, குங்குமம் இல்லை. உயிரோடு இருக்கிறவர்களும் போனவர்களும் ஒரே சுவரில் ஒரே மாதிரி வியர்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் அந்தப் படங்கள் எதிரே மறுபடி போய் நின்று பார்த்தேன். ஒரு பெண்பிள்ளையும் அதில் உண்டு, கழுத்து நிறைய மணி, கலைந்த தலை, வாய் கொள்ளாத சிரிப்பு. இவள் அம்மா இந்தப் படத்தை வீட்டில் மாட்டியிருப்பாளா என்று நினைத்தேன். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்புறம்தான் கிடாரை உடைக்கிற படம். உன் அப்பாவுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "சோறு போடற சாமான போட்டு ஒடைக்கறானே, இவன் வெளங்குவானா? போன மாசம்தான் நாம கேமராக்குப் பொட்டு வெச்சி கும்புட்டோம். நம்மூர்ல எவனாவது தறிய போட்டு ஒடைப்பானா?" என்று சத்தமாகவே கேட்டார். அந்தப் பெண், "அது ஒரு கோபம் அங்கிள், ஒரு எமோஷன்" என்றாள். "கோவம்னா பொண்டாட்டி கிட்ட கத்தட்டும்" என்றார் இவர். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் ஏகா, எனக்கு அந்தப் பதில் போதவில்லை. உடைக்கும்போது அவர் முகத்தில் கோபம் இல்லையே. போகியன்று பழைய பானையை உடைக்கிற பிள்ளை முகம் மாதிரி அல்லவா இருக்கிறது? இதை நீ விசாரித்து எழுது.

எனக்குப் பிடித்த படம் எது தெரியுமா? பாட்டுக்காரர் யாருமே இல்லாத படம். மேடையில் நின்றுகொண்டு எதிரே இருக்கிற கூட்டத்தை எடுத்திருக்கிறார்கள். அத்தனையும் சின்னப் பெண்கள். தலையைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தாரை தாரையாக வடிய நிற்கிறார்கள். கருட சேவையன்று விடியற்காலையில் கோபுர வாசலில் பெருமாள் வெளியே வரும்போது நம் ஜனங்கள் முகம் எப்படி இருக்கும், அதேதான். இத்தனை கல்யாணத்துக்குப் போயிருக்கிறோமே, ஒரு தடவையாவது உன் அப்பா மேடைப் பக்கமிருந்து திரும்பிப் பந்தலை எடுத்திருக்கிறாரா? நீ போகிற இடத்தில் எல்லோரும் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் நீ ஒருமுறை மறுபக்கம் திரும்பிப் பார். இதைப் புத்திமதியாக எடுத்துக்கொண்டாலும் சரி, தொழில் ரகசியமாக எடுத்துக்கொண்டாலும் சரி.

உன் படம் கடைசியில் மூலையில் இருந்தது. ஆளுயரப் படங்களுக்கு நடுவே பட்டுக்கடைத் தாளில் சின்னதாக. என் கைங்கரியம். கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, வியர்வை வழிய, நரம்பு புடைக்க அவர் பாடுகிறார். என்ன பாட்டு என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "தெரியாதுங்க ஆன்ட்டி. ஆனா அவர் பாட்டு ஒண்ணு தெரியும்" என்றாள். "பாடேன்" என்றேன். கூச்சப்பட்டாள். சுற்றிப் பார்த்துவிட்டு, யாரும் இல்லாத சமயத்தில், அடித்தொண்டையில் இரண்டு வரி பாடிக் காட்டினாள். புரியவில்லை. பிடித்ததா என்றும் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் உன் அப்பாவைக் காணோம்.

அவர் அந்தப் பக்கத்துச் சுவரில் ட்ரம் அடிக்கிறவர் படத்துக்கு முன்னால் நின்றிருந்தார். நீ பார்த்திருப்பாய். முகம் மட்டும் தெளிவாக இருக்கிறது, இரண்டு கையும் புகை மாதிரி கலைந்து போயிருக்கிறது, குச்சி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. நம் கடையாக இருந்தால் பிரித்துப் பார்க்காமலே குப்பைக்குப் போயிருக்கும். உன் அப்பா அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார், "ஏம்மா, இத எடுத்தவருக்கும் கை நடுக்கமா?"

அவளுக்கு என்ன தெரியும்? "இல்ல அங்கிள், வேணும்னேதான் ஷட்டர மெதுவா வெச்சிருக்காங்க. கை அசையறது தெரியணும்ல" என்றாள்.

"அசையறது தெரியணுமா?" என்று இவர் திருப்பிக் கேட்டார். ஒரு வருஷமாகச் சட்டைப் பையிலும் துண்டுக்கடியிலும் ஒளித்து வைத்திருக்கிற அந்த வலது கையை வெளியே எடுத்து, படத்தின் அருகே நீட்டி, அந்தப் புகையைக் காட்டினார். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் கவனிக்கவில்லை. நான் பக்கத்தில் போகாமல் தூரவே நின்றுவிட்டேன். டாக்டர் இது நரம்புக் கோளாறு, குறையாது என்று சொன்ன நாளில்கூட அவர் அந்தக் கையை வெளியே எடுத்ததில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் பூந்தமல்லி வரைக்கும் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம், "தாமல்ல ஒரு கல்யாணம் ஒத்துக்கினேன். வியாழக்கெழம. வேற ஆள பார்த்துக்கோங்கனு சொல்லிடலாமானு இருக்குது" என்றார்.

"நான் எடுக்கறேன்" என்றேன். எனக்கே தெரியாமல் வந்துவிட்டது.

"பொம்பள கேமரா தூக்கினு பந்தல்ல நின்னா ஊரு இன்னா சொல்லும்?"

"தாமல் ஊரு தானே. சொன்னா சொல்லினு போவட்டும்."

ஸ்ரீபெரும்புதூர் தாண்டும் வரைக்கும் யோசித்தார். "ஃப்ளாஷ் பேட்டரி வெயிட்டா இருக்கும், அத நான் தூக்கினு வரேன்" என்றார்.

ஏரி நிரம்பி மதகில் தண்ணீர் போய்க்கொண்டிருந்த நாளில் தாமலுக்குப் போனோம். விவசாயக் குடும்பம், வீட்டு வாசலிலேயே பந்தல். பெண்ணின் அத்தை எங்களைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, போட்டோக்காரரு வரலியா?" என்றாள். "நான்தாம்மா போட்டோக்காரரு" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்போ உள்ள வாமா, பொண்ணு ரெடியாயிகினு கீது" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். உன் அப்பா எத்தனை வருஷமாக எந்தக் கதவுக்கு வெளியே நின்றிருந்தாரோ அந்தக் கதவு எனக்குத் தானாகத் திறந்தது. உள்ளே நாலு பொம்பளைகள் சேர்ந்து அந்தப் பெண்ணின் கைக்குச் சின்ன அளவில் வாங்கிவிட்ட கண்ணாடி வளையலை எண்ணெய் போட்டு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் அலறுகிறாள், சிரிக்கிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள். அசையாதே என்று யாரிடம் சொல்வது? கேமராப் பொத்தானை அமுக்கிவிட்டேன்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று நினைக்காதே. மேலிருந்து குனிந்து பார்க்கிற அந்தக் கேமராவில் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும் என்று இத்தனை வருஷமாகத் தெரியும், ஆனால் என் காலுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையைப் பிடிக்க இந்தப் பக்கம் போனால் அவர் அந்தப் பக்கம் போகிறார். ஐயர் மேலே இடித்துக்கொண்டேன். அதெல்லாம் போகட்டும். தாலி கட்டுகிற நேரம். கெட்டிமேளம் கொட்டிவிட்டது. யாரோ என் கையிலும் அட்சதை கொடுத்திருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுவிட்டு, பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும் என்று அட்சதையைத் தூவிக்கொண்டு நின்றேன். கல்யாணத்தில் அட்சதை போட்டுத்தானே பழக்கம், படம் எடுத்தா பழக்கம்? "அமுக்குமே! அமுக்கு!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. எந்த ஸ்டுடியோக்காரனும் தவறவிடக் கூடாத படம் போய்விட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உன் அப்பா பேட்டரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே முன்னால் வந்தார். மேளக்காரரைப் பார்த்து, "அண்ணே, நிறுத்தாம வாசிங்க" என்றார். "மாப்ள, அந்தக் கைய அப்படியே கழுத்தாண்ட வைங்க. பொண்ணு, தல குனிஞ்சிக்கோம்மா. நாத்தனா, வெளக்க கிட்ட புடி. யாரும் அசையாதீங்க" என்றார். எனக்குத் தெரிந்த அந்தப் பழைய குரல். பந்தலே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இரண்டாவது தடவை எல்லோரும் அட்சதை போட்டார்கள். நான் போடவில்லை. அமுக்கினேன்.

வீடு வந்து சேருகிற வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். "அட்சத போடறதுக்கா உன்ன கூப்புட்டாங்க? அதுக்குனா நாங்கூட மொய் எழுதிட்டு வந்திருப்பேனே." இரண்டு பேரும் சேர்ந்து கழுவினோம். நாலைந்து படத்தில் மாப்பிள்ளைக்குத் தலை இல்லை. தாலிப் படம் நன்றாக வந்திருக்கிறது, அது அவருடையது. வளையல் படத்தில் அத்தையின் கை கலைந்திருக்கிறது, பெண்ணின் சிரிப்பு மட்டும் நின்றிருக்கிறது. அவர் அதைத் தட்டில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். கிழிக்கவில்லை. பெண் வீட்டார் வந்து அதையே இரண்டு பிரதி கேட்டுவிட்டுப் போனார்கள். கார்த்திகையில் அவர்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம், "அந்தம்மாதான் வரணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னும் எனக்கு ஆயிரம் தப்பு வரும். வரட்டும், திட்டுவதற்கு ஆள் பக்கத்திலேயே இருக்கிறார்.

இப்போது சொல், நீ யாருக்காக இந்த வேலையை வேண்டாம் என்கிறாய்? அந்தச் சின்னப் படத்தைக் கிட்டே போய்ப் பார்த்துத்தானே கண்காட்சி நடத்துகிற பம்பாய்க்காரர் உன்னைக் கூப்பிட்டார்? கண்காட்சியோடு கல்கத்தா, டெல்லி எல்லாம் போய்வந்து, அப்புறம் அவர்கள் பத்திரிகையிலேயே படம் எடுக்கலாம் என்று அவர் சொன்னதை நீ என்னிடம் சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். நீ போனால் எனக்கு வீடு வெறிச்சென்று இருக்கும். சாயங்காலம் யாராவது சைக்கிளை நிறுத்தினால் எட்டிப் பார்ப்பேன். அதெல்லாம் இருக்கத்தான் செய்யும். அதற்காக நீ வந்து என் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து ஊரார் கன்னத்தை நிரப்பிக்கொண்டிருந்தால், அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சோறு தின்ன முடியாது.

நேற்று உன் கடிதத்தை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். படங்களை அலசிக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் இருக்கும்போது கையின் நடுக்கம் தெரிவதில்லை. முழுதும் கேட்டார். "இன்னா பதில் எழுதட்டும்?" என்றேன். ஒரு படத்தை எடுத்து உதறிக் கிளிப்பில் மாட்டினார். இன்னொன்றை மாட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"எடுக்கறதுக்கு நீ கீற. கழுவறதுக்கு நான் கீறேன். நம்ம கடையில வேல காலி இல்லனு எழுது."

எழுதிவிட்டேன், ஏகா.

அம்மா